"நான் அசைக்கப்படுவதில்லை": நல்ல காலத்து நம்பிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்தபின் பெரியவர்களுக்காக நடக்கும் வேதபாட வகுப்பில் தாவீது ராஜாவின் 30ஆம் சங்கீதத்தை நான்கு வாரம் படித்தோம். ஆறாம் வசனத்தைத் தாண்டுவதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. அங்கே கேட்கப்பட்டவையும் பிறகு வீட்டுக்கு வந்து கேட்கப்பட்டவையும் இவை. கேட்டவர்களில் பெரும்பாலோர் நன்றாக இருப்பவர்கள். வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் ஓரளவு ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பவர்கள். அதனால்தான் அந்த வசனம் உறுத்தியது என்று நினைக்கிறேன்.

அந்த ஆறாம் வசனத்தில் அப்படி என்ன இருக்கிறது?

"நான் ஒருபோதும் அசைக்கப்படுவதில்லை என்று என் வாழ்விலே சொன்னேன்." இவ்வளவுதான்.

முதலில் "வாழ்விலே" என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். இன்றைய காதுக்கு அது "என் வாழ்க்கையில் ஒரு தடவை சொன்னேன்" என்பதுபோல் கேட்கிறது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லவந்தது அதுவல்ல. வாழ்வு என்றால் செழிப்பு, தாழ்வுக்கு எதிர்ப்பதம். "வாழ்ந்து கெட்ட குடும்பம்" என்கிறோமே, அந்த வாழ்வு. அற்பனுக்கு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிக்க வைக்குமே, அந்த வாழ்வு. பவுலும் பிலிப்பியருக்கு எழுதும்போது "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" (4:12) என்கிறாரே, அதே பொருள்தான். மூல எபிரெயச் சொல்லும் கவலையில்லாத, நிம்மதியான நிலையைத்தான் குறிக்கிறது.

ஆக, தாவீது சவுலுக்குப் பயந்து குகையில் ஒளிந்திருந்தபோது இதைச் சொல்லவில்லை. எல்லாம் கைகூடி வந்தபோது சொன்னார். அடுத்த வசனத்திலேயே அதன் முடிவையும் சொல்லிவிடுகிறார்: "உமது முகத்தை நீர் மறைத்துக்கொண்டபோதோ நான் கலங்கினவனானேன்."

இன்னொன்றும் கவனித்தேன். இதற்கு முந்தின ஐந்தாம் வசனம், "சாயங்காலத்தில் அழுகை தங்கும், விடியற்காலத்திலே களிப்புண்டாகும்", புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் எத்தனையோ முறை வந்திருக்கிறது. ஆறாம் வசனத்தை அச்சடித்த அட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை.

தாவீது எந்தச் சமயத்தில் அப்படிச் சொன்னார்?

சங்கீதத்தில் சம்பவம் சொல்லப்படவில்லை. உள்ளே இருப்பது ஒரு நோயும் மரணபயமும். ஆனால் தலைப்பு "வீடு பிரதிஷ்டையின் பாட்டு". இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்டு, சில விளக்கவுரையாளர்கள் இதைத் தாவீது ஜனத்தொகை எடுத்த கதையோடு சேர்க்கிறார்கள். 2 சாமுவேல் 24இல் யுத்தம் ஏதும் நெருங்கி வந்ததாகச் சொல்லப்படவில்லை. ஆனாலும் பட்டயம் எடுக்கும் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்கிறார் ராஜா. படைத்தலைவன் யோவாபே, மென்மையான மனிதன் என்று யாரும் சொல்லமுடியாத அந்த யோவாபே, வேண்டாம் என்கிறான். எண்ணி முடிக்க ஒன்பது மாதமும் இருபது நாளும் ஆயின. பிறகு கொள்ளைநோயில் எழுபதினாயிரம் பேர் செத்தார்கள். வாதை நின்ற இடம் கதிரடிக்கும் களம் ஒன்று. அங்கே பலிபீடம் கட்டியபின் தாவீது அதைத் தேவனுடைய ஆலயம் இருக்கும் இடம் என்று குறித்தார் (1 நாளாகமம் 22:1). தலைப்பிலுள்ள வீடு அதுவாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். நிச்சயமாகச் சொல்ல முடியாது. பொருத்தம் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது.

என்னை உறுத்துவது அந்த ஒன்பது மாதம். ஒரு நொடியில் வாய்தவறிச் சொன்ன வார்த்தையாக இருந்தால் மறுநாள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம்.

நம்பிக்கையாகப் பேசுவது தவறா? "விசுவாச வார்த்தை பேசு" என்றுதானே பிரசங்கத்தில் கேட்கிறோம்?

தவறில்லை. "அசைக்கப்படுவதில்லை" என்ற இதே சொற்றொடர் சங்கீதப் புத்தகத்தில் வெவ்வேறு வாய்களில் வருகிறது. எபிரெயத்திலும் ஒரே தொடர்தான்.

10ஆம் சங்கீதத்தில் துன்மார்க்கன் சொல்கிறான்: நான் அசைக்கப்படுவதில்லை, தலைமுறை தலைமுறைக்கும் எனக்குத் தீங்கு வராது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தன் இருதயத்தில் சொல்லிக்கொள்கிறான். 16ஆம் சங்கீதத்தில் பக்தன் சொல்கிறான்: "அவர் என் வலதுபாரிசத்தில் இருக்கிறபடியால் நான் அசைக்கப்படுவதில்லை." 30இல் தாவீது சொல்கிறார், பிறகு அதற்காக வருந்துகிறார்.

வார்த்தை ஒன்றுதான். 16ஆம் சங்கீதத்தில் மட்டும் "படியால்" இருக்கிறது. காரணம் வெளியே, பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் இருக்கிறது. தாவீதின் தவறு பொல்லாதவனைப் போலப் பேசியது மட்டுமல்ல; தனக்கு நன்றாகத் தெரிந்த "படியால்" ஒன்றை விட்டுவிட்டு மீதி வாக்கியத்தைச் சொன்னது. அதனால்தான் இது விசுவாசிகளுக்கு வரும் நோய். அவிசுவாசியிடம் விடுவதற்கு அந்த "படியால்" இருப்பதே இல்லை.

எங்கள் வீட்டு வாசலில் "எபெனேசர்" என்று கல் பதித்திருக்கிறோம். அது பெருமையடிப்பதா?

இல்லை. எபெனேசர் என்றால் உதவியின் கல். ஆனால் கல்லில் உள்ள வசனத்தை முழுக்கப் படியுங்கள்: "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" (1 சாமுவேல் 7:12). இம்மட்டும். இதுவரைக்கும். சாமுவேல் அந்தக் கல்லை நட்டபோது நாளைக்கு என்ன நடக்கும் என்று எதுவும் சொல்லவில்லை. நன்றி சொல்கிறவனுக்கு வரும் வார்த்தை "இம்மட்டும்". அது மெல்ல "இனிமேலும் இப்படித்தான்" என்று மாறி, பிறகு "ஒருபோதும்" ஆகிவிடுகிறது. மாறிய நாள் எது என்று யாராலும் சொல்லமுடியாது.

எபெனேசருக்கு ஒரு பழைய கதையும் உண்டு. வீடு பிரதிஷ்டையில் யாரும் சொல்வதில்லை. சாமுவேல் கல் நடுவதற்குப் பல வருஷங்களுக்கு முன், அதே பெயருள்ள இடத்தின் அருகே இஸ்ரவேலர் பெலிஸ்தரோடு போருக்கு இறங்கினார்கள் (1 சாமுவேல் 4). முதல் நாள் சுமார் நாலாயிரம் பேர் விழுந்தார்கள். ஏன் என்று கர்த்தரிடம் விசாரிக்கவில்லை. சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிவந்தார்கள். பாளயத்தில் பூமி அதிர ஆர்ப்பரித்தார்கள். அடுத்த போரில் முப்பதினாயிரம் பேர் விழுந்தார்கள், பெட்டியும் போயிற்று. பெட்டி இருந்தது, ஆரவாரம் இருந்தது, கேட்பது ஒன்றுதான் இல்லை. சத்தமான ஆராதனையைக் குறை சொல்லவில்லை. நானும் கைதட்டிப் பாடுகிறவன்தான்.

இது நமக்குள் வந்துவிட்டது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

நாளாகமப் புத்தகத்தை எழுதியவர் இந்த ஒரு கேள்வியைத்தான் ராஜாக்களின் கதையில் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றும். இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம்.

உசியா 16 வயதில் ராஜாவானவன். 52 வருஷம் எருசலேமில் ஆண்டவன். 2 நாளாகமம் 26ஐ வாசித்தால் திறமைசாலி என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கோபுரங்கள் கட்டினான், வனாந்தரத்தில் துரவுகள் வெட்டினான், விவசாயத்தில் பிரியமுள்ளவன், 3,07,500 பேர் கொண்ட படை, மதில்மேல் வைத்து அம்பும் கல்லும் எறியும் யந்திரங்கள். பிறகு அந்த வரி வருகிறது: "அவன் பலப்படுமட்டும் ஆச்சரியமாய் அநுகூலமடைந்தான்." உடனே அடுத்த வசனம்: "அவன் பலப்பட்டபோது..." மனம் மேட்டிமையாயிற்று, ஆசாரியர் மட்டுமே செய்யவேண்டிய தூபங்காட்டலைத் தானே செய்ய ஆலயத்துக்குள் போனான். பலப்படுமட்டும், பலப்பட்டபோது. நடுவில் ஒரு பெருந்தோல்வியோ பெரும்பாவமோ சொல்லப்படவில்லை.

அடையாளம் ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது. சகரியா என்று ஒருவர் இருந்தார். அவர் நாட்களில் உசியா தேவனைத் தேடினான். அதாவது, ராஜாவிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஆள் இருந்தார். பிற்காலத்தில் எண்பது ஆசாரியர்கள் திரண்டு வந்து "இது உமக்கு அடுத்ததல்ல" என்று தடுத்தபோது உசியாவுக்குக் கோபம்தான் வந்தது. கோபமாய் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே நெற்றியில் குஷ்டம் தோன்றியது. தூபகலசம் கையில் இருந்தது, ஆனால் குஷ்டம் வந்தது கோபத்தின் நேரத்தில். நம்மிடம் "வேண்டாம்" என்று சொல்ல இன்னும் யாராவது மிச்சமிருக்கிறார்களா, சொன்னால் நமக்கு என்ன வருகிறது என்பது முதல் சோதனை.

இரண்டாவது ஆள் எசேக்கியா. அவனுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதம் அசீரிய ராஜா சனகெரிப் அனுப்பிய மிரட்டல், கி.மு. 701இல் அவன் யூதாவின் பட்டணங்களை விழுங்கிக்கொண்டிருந்த காலம். எசேக்கியா அதை ஆலயத்துக்கு எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான் (2 இராஜாக்கள் 19:14). வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் ஒன்று அது.

இரண்டாவது கடிதம் பாபிலோனிலிருந்து, வெகுமானத்தோடு வந்தது. வியாதியாயிருந்து பிழைத்தவனை நலம் விசாரிக்கிற கடிதம் (20:12). அதை ஆலயத்துக்குக் கொண்டுபோனதாக இல்லை. பொக்கிஷசாலையைத் திறந்தான். வெள்ளி, பொன், கந்தவர்க்கம், ஆயுதசாலை, ஒன்று விடாமல் காட்டினான். பின்னர் ஏசாயா தீர்க்கதரிசி வந்து "என்ன பார்த்தார்கள்?" என்று கேட்டபோது பதில் சுருக்கமாக இருந்தது: என் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே பாபிலோன்தான் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது.

மிரட்டல் கடிதத்தை விரித்து வைக்க நமக்கும் தெரியும். ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தலையணைக்கடியில் வைத்து ஜெபிக்கிறோம். பதவி உயர்வுக் கடிதத்தை, வீட்டுக்கடன் அனுமதியை, மகனுக்கு வந்த விசாவை அப்படி விரித்து வைத்து "ஆண்டவரே, இதை நான் என்ன செய்ய?" என்று கேட்டதுண்டா? ஸ்தோத்திர காணிக்கை போட்டோம், அது வேறு. கேட்டோமா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜெபக் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறேன். அப்பா மருத்துவமனையில் கிடந்த வருஷம் நோட்டு முழுதும் நிறைந்து அட்டையிலும் எழுதியிருக்கிறேன். எல்லாம் நன்றாய்ப் போன அதற்கடுத்த வருஷத்துக்கு மூன்று பக்கம். அதில் ஒரு பக்கம் கார் வாங்கியபோது போட்ட கணக்கு.

நான் இரவு பகலாக உழைத்தேன். என் பங்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. உபாகமம் 8 இதை மறுக்கவில்லை. நல்ல வீடு கட்டி, ஆடுமாடு பெருகி, வெள்ளியும் பொன்னும் சேர்ந்தபின் "என் சாமர்த்தியமும் என் கைபெலனும்" இதைச் சம்பாதித்தது என்று சொல்லிக்கொள்ளாதே என்கிறது. ஆனால் அடுத்த வசனம் "நீ சம்பாதிக்கவே இல்லை" என்று சொல்லவில்லை. சம்பாதிக்கிறதற்கான பெலனை உனக்குக் கொடுக்கிறவர் அவரே என்கிறது. உழைப்பு உங்களுடையது. காலையில் எழும்பின உடம்பு, கணக்கு ஏறின மூளை, படிக்க வைத்த அக்கா, சரியான வருஷத்தில் திறந்த வேலை இவையெல்லாம் யாருடைய சாமர்த்தியம்? சுயமாக முன்னுக்கு வந்தவர் என்று யாரையாவது மேடையில் சொல்லும்போது, சமையலறையில் நின்ற அவர் அம்மாவை நான் நினைத்துக்கொள்வேன்.

சேமிப்பு, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் அவிசுவாசமா?

அப்படியானால் யோசேப்பு பெரிய அவிசுவாசி. ஏழு செழிப்பான வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கச் சொன்னவர் அவர்தான் (ஆதியாகமம் 41:34). களஞ்சியம் கட்டியதற்காக அவர் புகழப்படுகிறார். லூக்கா 12இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவான் மதிகேடன் எனப்படுகிறான். வித்தியாசம் களஞ்சியத்தில் இல்லை. யோசேப்பின் களஞ்சியம் பஞ்சத்தில் ஊருக்குத் திறந்தது. இந்த மனிதனோ "என் தானியம், என் களஞ்சியம், என் பொருள்" என்றே பேசுகிறான். பேசுவதும் தன் ஆத்துமாவிடம்தான். கதையில் வேறு மனிதரே இல்லை. "அநேக வருஷங்களுக்கு" என்று அவன் கணக்குப் போட்டது அன்று ராத்திரியில் முடிந்துபோனது.

பாலிசி எடுங்கள். பிரீமியத்தை நாள் தவறாமல் கட்டுங்கள்.

"கர்த்தருக்குச் சித்தமானால்" என்று சேர்த்துச் சொன்னால் போதுமா?

யாக்கோபு 4:15 அப்படிச் சொல்லச் சொல்கிறது. கல்யாணப் பத்திரிகையிலும் அச்சடிக்கிறோம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, சமையல்காரரைப் பேசி முடித்தபின் அச்சடிக்கிறோம். நல்ல பழக்கம்தான், விடவேண்டாம். ஆனால் அது மரியாதைச் சொல்லாகிவிட்டது என்பதை ஒத்துக்கொள்ளலாம்.

பணத்தில் இல்லாமல், பக்தியிலேயே இந்த அதிநம்பிக்கை வருமா?

அங்கேதான் அதிகம் வரும். பேதுரு "உமதுநிமித்தம் எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்" என்றது இராப்போஜனம் முடித்து, ஸ்தோத்திரப்பாட்டுப் பாடிவிட்டு வந்த வழியில் (மத்தேயு 26). அதே "ஒருக்காலும்". "எல்லாரும்" என்று மற்றவர்களைப் பக்கத்தில் நிறுத்தி அளந்ததையும் பாருங்கள். பிற்பாடு கடற்கரையில் இயேசு "இவர்களிலும் அதிகமாய் நீ என்னில் அன்பாயிருக்கிறாயா?" என்று கேட்கும்போது (யோவான் 21), பேதுரு அந்த "இவர்களிலும் அதிகமாய்" என்பதைத் தொடவே இல்லை. உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஒரு சபையே இப்படி ஆகுமா?

லவோதிக்கேயா ஆயிற்று. இன்றைய துருக்கியில் இருந்த பணக்காரப் பட்டணம் அது. கி.பி. 60இல் பூமியதிர்ச்சியில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமல் தன் சொந்தப் பணத்தில் மீண்டும் எழும்பியதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். ஊரின் பெருமை சபைக்குள்ளும் வந்துவிட்டது: "எனக்கு ஒரு குறைவுமில்லை" (வெளிப்படுத்தல் 3:17). "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனம் இந்தச் சபைக்கு எழுதப்பட்டதுதான். படமாக மாட்டி வைக்கிறோம். அவர் நிற்பது வெளியே என்பதைக் கவனிப்பதில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் தொழிலில் விழுந்துவிட்டார். மேட்டிமையால்தான் என்று சபையில் பேசுகிறார்கள். சரியா?

சரியில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, "அப்படியல்ல" என்று அவரே பதில் சொல்லிவிட்டார் (லூக்கா 13). யோபு விழுந்தது பெருமையால் அல்ல. 30ஆம் சங்கீதத்தில் தாவீது தன் வாயில் வந்த வார்த்தையைத் தான் ஒத்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி எழுதவில்லை. விழுந்தவர் வீட்டுக்கு முதலில் அரிசி கொண்டுபோங்கள்.

கஷ்டத்தில்தான் ஜெபம் வருகிறது என்றால், கஷ்டம் வரட்டும் என்று கேட்கலாமா?

வேண்டாம். ஆகூர் கேட்டதுபோல் கேளுங்கள்: தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம் (நீதிமொழிகள் 30:8). இரண்டுக்கும் அவர் காரணம் சொல்கிறார். தரித்திரம் வந்தால் திருடுவேன். பரிபூரணம் வந்தால் கர்த்தர் யார் என்று கேட்பேன். தன்னைப்பற்றி இவ்வளவு தெளிவாகத் தெரிந்த மனிதர் வேதத்தில் குறைவு.

"வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்ற பவுல் அதைப் "போதிக்கப்பட்டேன்" என்கிறார். தாழ்ந்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எல்லாருக்கும் புரிகிறது. வாழ்ந்திருப்பதற்கும் ஒரு பாடம் உண்டு என்று நினைத்தவர் சிலர்தான். அன்றன்றைக்கு மன்னா பொறுக்குவதுபோல அன்றன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைக் கேட்பது அதில் முதல் வகுப்பு. அரிசி டப்பா நிறைந்திருக்கும்போதும் "இன்று எங்களுக்குத் தாரும்" என்று வாய்விட்டுச் சொல்வது.

நான் ஏற்கெனவே அப்படிச் சொல்லி, விழுந்தும் விட்டேன். இனி?

சங்கீதத்தை ஏழாம் வசனத்தில் நிறுத்தாதீர்கள். கலங்கிப்போன தாவீது அடுத்ததாகச் செய்தது கெஞ்சுவது. அதிலும் கொஞ்சம் வியாபாரி பேச்சுதான். நான் குழியில் இறங்கினால் உமக்கு என்ன லாபம், புழுதி உம்மைத் துதிக்குமோ என்கிறார். பழைய ராஜதோரணை எதுவும் மிச்சமில்லை, பேரம் பேசவாவது அவரிடமே போகிறார். கேட்கப்பட்டது. துக்கத்தின் உடையான இரட்டு களையப்பட்டது, புலம்பல் களிப்பாக மாறியது.

கடைசி வசனம்: "என் தேவனாகிய கர்த்தாவே, உம்மை என்றென்றைக்கும் துதிப்பேன்." ஆறாம் வசனத்தில் தமிழில் "ஒருபோதும்" என்று வருகிற இடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல் "லெஓலாம்". கடைசி வசனத்தில் "என்றென்றைக்கும்" என்று வருவதும் அதே "லெஓலாம்" தான். அந்தச் சொல்லைத் தாவீது தூக்கி எறியவில்லை. இடம் மாற்றி வைத்தார்.